முறிவு முகம்

மனித இனத்தின் தலையாய பலவீனம் பசியல்ல, பயமல்ல, பதவியாசையுமல்ல. உடைந்த இரண்டு துண்டுகள் கையில் கிடைத்தால் உடனே அவற்றைச் சேர்த்து வைத்துப் பார்ப்பதுதான். இந்தப் பலவீனத்தை வென்ற ஒரே பிறவி தான்தான் என்பதில் வைத்தியனுக்கு எள்ளளவும் ஐயமில்லை.

வைத்தியன் மருந்து கொடுப்பவனல்ல. விமான உறுப்புகள் செய்யும் கம்பெனியின் சோதனைக்கூடத்தில், உடைந்த உலோகத்தைப் பார்த்து அது எங்கே, எதனால் உடைந்தது என்று சொல்லும் இளைஞன். கூட வேலை செய்பவர்கள் 'முறிவு வைத்தியன்' என்று கேலியாகப் பெயர் வைத்தார்கள். இவன் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டான்.

உலோகம் உடைந்த பரப்பை 'முகம்' என்பார்கள்; அதில் முடியைவிட மெல்லிய வரிகள் இருக்கும். விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்து வந்த தடம் அது. அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் விரிசல் பிறந்த இடத்துக்கே போய்ச் சேரலாம். இரண்டு பாதிகளையும் ஒட்டி வைத்தால் வரிகள் நசுங்கிவிடும், சாட்சி ஊமையாகிவிடும். ஆனால் யார் கேட்கிறார்கள்? சுற்றிப் பார்க்க வரும் பெரிய மனிதர்களிலிருந்து தண்ணீர் கேன் போடுபவர் வரை எல்லோரும் துண்டுகளைச் சேர்த்துவிட்டு, "அட, கச்சிதமா பொருந்துதே!" என்று வியப்பார்கள்.

"பொருந்தாம என்ன சார்? நேத்து வரைக்கும் ஒண்ணாத்தானே இருந்துச்சு," என்பான் வைத்தியன், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

அன்று காலை அந்தத் தப்பைச் செய்தது அவனுடைய சொந்த அக்கா.

அக்கா அதே கட்டடத்தின் மாடியில், வரைபடப் பிரிவில் இருந்தாள். விமான இறக்கையின் பின்னோரத்தில் ஏறி இறங்கும் மடலைப் பிடித்திருக்கும் அலுமினியத் தாங்கி ஒன்றை, கிராம் கிராமாக எடையைக் குறைத்து, ஒரு வருடமாக வரைந்தாள். வீட்டில் சாப்பாட்டு மேசையில் வேறு பேச்சே இல்லை. "ஊர்ல அவங்கவங்க பிள்ளை எடை கூடலேன்னு அழுவாங்க. இவ எடை குறையலேன்னு அழறா," என்று அம்மா அலுத்துக்கொண்டாள்.

பாரத்தை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, ஒரு விமானத்தின் ஆயுளையே அனுபவிக்க வைக்கும் இயந்திரத்தில் அந்தத் தாங்கி மாட்டப்பட்டிருந்தது. பாதி ஆயுளிலேயே 'டப்' என்று ஒரு சத்தம். வைத்தியன் ஓடி வருவதற்குள், சோதனையைப் பார்க்க இறங்கி வந்திருந்த அக்கா இரண்டு பாதிகளையும் எடுத்துச் சேர்த்து, இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா! கையை எடு! எடுங்கறேன்ல!"

"ஒரு நிமிஷம்தாண்டா வச்சேன்."

"கொலை நடந்த வீட்டைப் பெருக்கித் துடைச்சு வச்சுட்டு ஒரு நிமிஷம்தான்னு சொல்லு. தண்ணி கேன் அண்ணனே இப்பல்லாம் திருந்திட்டார், தெரியுமா?"

"தானா கை போயிடுச்சுடா," என்றாள். இரண்டு பாதிகளையும் பிரித்து மேசையில் வைத்தாள்.

மேலாளர் வந்தார். குறை வரைபடத்தில் என்றால் தாங்கி வேறு குழுவுக்குப் போய்விடும். உலோகத்தில் அழுக்கு இருந்தது என்றால் அக்காவே இன்னொன்று செய்து பார்க்கலாம்.

"அக்கா பொருளைத் தம்பி பார்க்கலாமாப்பா?"

"டிவி ரிமோட்டைக்கூட நாங்க ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்கொடுத்ததில்ல சார்."

மேலாளருக்கு அது போதுமான உத்தரவாதமாகப் பட்டது. போகும்போது குரலைத் தாழ்த்தி, "முகம் நசுங்கியிருக்கு. காரணம் சொல்ல முடியலன்னு எழுதினாலும் தப்பில்ல. அவங்களே இன்னொரு தடவை செஞ்சு ஓட்டிப் பார்க்கட்டும்," என்றார். நல்ல மனிதர்.

வைத்தியன் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தான். முக்கால்வாசி இடம் மொழுக்கென்று நசுங்கிக் கிடந்தது. 'காரணம் சொல்ல முடியவில்லை.' பொய்யே இல்லாத வாக்கியம். அப்போதே எழுந்து சாப்பிடப் போயிருந்தால் காலத்துக்கும் உண்மையாகவே இருந்திருக்கும். பாழாய்ப்போன கை, குமிழைத் திருகி ஓரத்துக்கு நகர்த்தியது.

அங்கே, வெட்டிப் போட்ட நகத் துணுக்கு அளவுக்கு ஓர் இடம் அக்காவின் பிடிக்குத் தப்பியிருந்தது. வரிகள் அலையலையாக, ஒன்றன்பின் ஒன்றாக, உள்மூலையில் போய் முடிந்தன. அழுக்கில்லை, துளையில்லை. தாங்கியின் இரண்டு சுவர்கள் சந்திக்கும் அந்த மூலையை, எடை குறைய வேண்டுமென்று அக்கா வளைவில்லாமல் ஒட்டச் செதுக்கியிருந்தாள். பாரம் முழுவதும் அங்கேயே குவிந்து, அங்கேயே கிழித்திருக்கிறது.

நுண்ணோக்கியின் விளக்கை அணைத்துப் பார்த்தான். இருட்டிலும் மூலை அங்கேயேதான் இருந்தது. போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டான்.

அவள் வந்து, குனிந்து, வெகுநேரம் பார்த்தாள்.

"மூலை," என்றாள்.

"ம்."

"உலோகத்துல எதுவுமே இல்லையாடா?"

"பத்தரைமாத்துத் தங்கம். நானும் தேடிப் பார்த்துட்டேன்." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "காரணம் தெரியலன்னு எழுதலாம்னு சார் சொன்னார்," என்றான்.

"உனக்குத் தெரிஞ்சிடுச்சா இல்லையா?"

"தெரிஞ்சிடுச்சு."

"அப்புறம் என்ன? ஆளுங்க உட்கார்ந்து போற விமானம்டா. மழுப்பி எழுதிப் பாரு, உன் காதைப் பிச்சுக் கையில குடுத்துடுறேன்."

"குடுத்துட்டுச் சும்மா இருப்பியா? பொருந்துதான்னு வச்சுப் பார்ப்பே."

அக்கா சிரித்துவிட்டாள். சிரிப்போடு சேர்ந்து கண்ணும் நிறைந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, "இரு, நானே போய் அவர்கிட்ட சொல்லிடறேன்," என்று கிளம்பினாள்.

வைத்தியன் அறிக்கையை எழுதினான்: உள்மூலையில் வளைவு போதவில்லை, உலோகத்தில் குறை இல்லை. படங்களையெல்லாம் சேமித்தான். இரண்டு பாதிகளையும் தனித்தனித் தாளில் சுற்றி, தனித்தனிப் பையில் போட வேண்டியதுதான் பாக்கி.

ஒரு பாதியைக் கையில் எடுத்தான். இறகு மாதிரி இருந்தது. ஒரு வருடமாகப் பேச்சில் கேட்ட பொருள். திரையில் பார்த்ததுண்டு, இன்று துண்டாகவும் பார்த்தாயிற்று. முழுசாக ஒரு தடவைகூடக் கையில் பிடித்துப் பார்த்ததில்லை.

கதவைப் பார்த்தான். நடையில் யாருமில்லை.

மற்றப் பாதியையும் எடுத்து, மெல்ல, மிக மெல்ல, ஒன்றோடொன்று சேர்த்தான். வெடிப்பு இருந்த இடமே தெரியாமல் மூடிக்கொண்டது. அழகாகத்தான் வரைந்திருக்கிறாள், கழுதை. இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.