மாக்ரெட்டின் தோட்டத்தில் ஒன்றும் இல்லை

ரொனி மூன்றாவது தடவை கத்தியை இறக்கியதும் புடலங்கொடி பந்தலோடு சேர்ந்து சரிந்தது. நேராக வளரட்டும் என்று நுனியில் கல் கட்டித் தொங்கவிட்டிருந்த நான்கு காய்களும் சீமெந்துத் தரையில் விழுந்து உடைந்தன. பின்கதவில் நின்ற வலன்ரைன் வெள்ளைச் சட்டையின் கைப்பொத்தானைப் பாதியில் விட்டுவிட்டார்.

"என்ன ரொனி செய்ற?"

"நீங்க உள்ள போங்க அண்ணே. இதெல்லாம் நான் பாத்துக்கிறேன்." ரொனி நிமிர்ந்து முகத்தைத் துடைத்தான். அவன் முன்வீட்டுக்காரன். சாவு வீட்டு வேலை எல்லாவற்றையும் காலையிலிருந்து அவன்தான் ஓடியாடிச் செய்துகொண்டிருந்தான். "டெங்கு சாவு தானே. சுகாதாரப் பகுதி பி.எச்.ஐ. இன்னிக்குக் கட்டாயம் வருவாரு. இந்தக் காட்டக் கண்டா உங்க மேலதான் கேஸ் போடுவாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

கத்தரிச் செடிகள் ஏற்கெனவே வேரோடு கிடந்தன. பயற்றங்கொடி மதிலிலிருந்து பிய்த்து இழுக்கப்பட்டிருந்தது. வலன்ரைன் பாதியில் விட்ட பொத்தானைப் போட்டுக்கொண்டார். துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கிரேன் ஓட்டியவர். அங்கே கீழே நிற்பவன் கை காட்டுவான், மேலே இருப்பவர் தூக்குவார், இறக்குவார். பேச்சுக்கு வேலை இருக்கவில்லை. வீட்டில் பேச்செல்லாம் மனைவி மாக்ரெட்டினுடையது.

மாக்ரெட் இப்போது முன் ஹோலில் பெட்டிக்குள் கிடந்தாள். செவ்வாய்க்கிழமை காய்ச்சல் வந்தது. வெள்ளிக்கிழமை விட்டது. "பாத்தீங்களா, போயிருச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். அன்று பின்னேரமே கை கால் குளிர்ந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சனிக்கிழமை முடிந்துவிட்டது. காய்ச்சல் விட்ட பிறகுதான் டெங்கு ஆளை எடுக்கும் என்பதை வலன்ரைன் ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் இருந்த யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

அவர் ஹோலுக்குத் திரும்பியபோது பெண்கள் சுவரோரக் கதிரைகளில் நெருங்கி இருந்தார்கள். ஒழுங்கையின் கடைசி வீட்டு நேசம், பக்கத்தில் இருந்தவளின் காதுக்குள் கதைத்தாள். கேட்டவளுக்குக் காது மந்தம் என்பதால் எல்லோருக்கும் கேட்டது.

"சொல்லக்கூடாது தான். ஆனா வீட்டச் சுத்திக் காடு வளத்தா நுளம்பு வராம என்ன செய்யும்? ரீச்சர் தானாத் தேடிக்கிட்டது."

"ஓம், ரொனியும் அதத்தான் சொன்னாரு."

வலன்ரைன் பெட்டியின் தலைமாட்டில் போய் நின்றார். மாக்ரெட்டின் விரல்களில் செபமாலை சுற்றியிருந்தது. ஆஸ்பத்திரியில் எவ்வளவு கழுவியும் வலக்கைப் பெருவிரல் நகத்தின் ஓரத்தில் மண் கறுப்பு போகவில்லை.

நேசத்தை அவர் பார்த்தார். சமையல் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் ஊரே வரிசையில் நின்ற வருடம், காலை ஆறரைக்குக் கோப்பையோடு பின்கதவில் நின்றவள் இதே நேசம்தான். "ரீச்சர், கொஞ்சம் பசளிக் கீரை இருந்தாக் குடுங்க." அந்த வருடம்தான் மாக்ரெட் தோட்டம் தொடங்கினாள். பாலர் வகுப்பிலிருந்து ஓய்வுபெற்ற கையோடு, வீட்டின் பின்னால் பழைய தகரமும் உடைந்த கொமட்டும் கிடந்த எட்டடி அகலத் துண்டைத் துப்புரவாக்கினாள்.

எல்லாம் உடனே வந்துவிடவில்லை. முதல் தடவை போட்ட கரட் சின்ன விரல் அளவில், ஒவ்வொன்றும் மூன்று கால்களோடு வந்தது. அதைக் கழுவி ஒரு தட்டில் அடுக்கி, "பாருங்க, டான்ஸ் ஆடுது" என்று கொண்டுவந்து காட்டினாள். அதற்குப் பிறகு கல்லைப் பொறுக்கி, கட்டிகளை விரலால் நசுக்கித் தூளாக்காமல் ஒரு விதை போடமாட்டாள். கோவா இலையைப் புழு தின்றது. தக்காளி நாலு வருடமும் பூத்தது. துறைமுகத் தூசியும் உப்புக் காற்றும் பட்டுப் பூவெல்லாம் கொட்டியது. தக்காளியோடு மட்டும் அவள் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் தண்ணீர் ஊற்றாமல் விடுவாள். பிறகு மனம் கேளாமல் போய் ஊற்றுவாள். ஆனால் பசளியும் பயற்றங்காயும் கத்தரியும் வீட்டுக்குப் போக ஒழுங்கைக்கே போதும் என்ற அளவுக்கு வந்தன. புடலங்காய் சொல்லவே வேண்டாம். ரொனியின் மனைவி வாரத்துக்கு இரண்டு கொண்டுபோவாள்.

அவ்வளவு செடி வைத்திருந்தும் ஒரு சிரட்டை மல்லாந்து கிடக்க விடமாட்டாள். தண்ணீர்ப் பீப்பாயின் வாயை நுளம்பு வலையால் மூடி, இறுக்கிக் கட்டியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசையிலிருந்து வந்து, சீலையை மாற்றுமுன் கூரைப் பீலியில் இலை அடைத்திருக்கிறதா என்று ஏணி வைத்துப் பார்ப்பாள்.

இந்த ஹோலில் இருந்த யாருக்கும் அது தெரியாமல் இல்லை.

பதினொரு மணிக்குப் பி.எச்.ஐ. வந்தார். ஸாலிஹ் என்று பெயர் சொன்னார். நாற்பது வயதிருக்கும். கையில் நீளப் பிடி போட்ட வெள்ளை அகப்பையும் டோர்ச் லைட்டும் வைத்திருந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பெட்டிக்கு முன்னால் ஒரு நிமிடம் தலை குனிந்து நின்றார்.

"மன்னிச்சுக்கோங்க. இந்த நேரத்துல வரக் கூடாது. ஆனா மவுத்து நடந்தா நாங்க பாத்தாகணும்."

"வாங்க, பாருங்க" என்றார் வலன்ரைன்.

ஸாலிஹ் அரை மணி நேரம் பார்த்தார். பீப்பாய் வலையை அவிழ்த்து அகப்பை விட்டு அள்ளினார். சாடிகளைச் சரித்தார். ஏணியில் ஏறிப் பீலியைப் பார்த்தார். குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டை இழுத்தார். மாதா சுரூபத்தின் முன்னிருந்த பூச்சாடியைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைசியில் வெட்டுப்பட்டுக் கிடந்த குவியலைக் கிண்டிவிட்டு எழுந்தார்.

"ஒண்ணும் இல்ல. இந்த வேலைக்கு வந்து பதினாறு வருஷம், இவ்வளவு சுத்தமா வச்சிருக்கிற தோட்டம் நான் காணல்ல. யாரு இத வெட்டினது?"

"நான்தான் சேர்" என்று ரொனி முன்னால் வந்தான். பின்கதவில் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். "காலைல நான் கிளீன் பண்ணினதாலதான் இப்பிடி இருக்கு. நேத்து பாத்திருக்கோணும். ஒரே காடு. மாக்ரெட் அக்கா பாவம், சொன்னாலும் கேக்க மாட்டாங்க."

வலன்ரைனின் காது மடல்கள் சுட்டன. அழுகை வரப்போகிறது என்றுதான் முதலில் நினைத்தார்.

பின்மதிலுக்கு அப்பால் ஆறு மாடிக்கு எழும்ப வேண்டிய ஒரு கட்டடம், அதே வரிசை வருடத்தில் சீமெந்து கிடைக்காமல் இரண்டாவது மாடியோடு நின்றுபோனது. முதலாளி வெளிநாட்டில். சுற்றித் தகரம் அடித்து, கேட்டில் பூட்டுப் போட்டு, பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ரொனியிடம் விட்டிருந்தார். கூரையில் பீலி பார்க்க ஏறிய மாக்ரெட், லிஃப்டுக்கு வெட்டிய குழியில் மழைத்தண்ணீர் பச்சையாக நிற்பதைக் கண்டாள். போய் ரொனியிடம் சொன்னாள். ஒரு தடவை இல்லை. சித்திரையில் நுளம்புப் புழுவைத் தின்னும் கப்பி மீன்கள் கொஞ்சம் பொலித்தீன் பையில் வாங்கிக்கொண்டுபோய், "நீ ஒண்ணும் செய்ய வேணாம், கேட்ட மட்டும் திற, நானே விட்டுட்டு வாறேன்" என்று கேட்டாள். ரொனி சிரித்தான். "முதலாளி ஏசுவாரு அக்கா. யாரையும் உள்ள விட வேணாம்னு சொல்லியிருக்காரு." அன்று வீட்டுக்கு வந்து, "நீங்க ஒருக்கா வந்து கேளுங்க, ஆம்பிள கேட்டாத் திறப்பான்" என்றாள். "முன்வீட்டு மனுஷன். நாளைக்கும் முகம் பாக்க வேணும் தானே" என்று சொல்லிவிட்டு வலன்ரைன் டீவியைப் போட்டார்.

"ரொனி" என்றார் இப்போது. "சைட் திறப்பக் குடு."

"என்னண்ணே?"

"பின்னால சைட்டுக் கேட்டுத் திறப்பு. உன்ட இடுப்புலதானே தொங்குது."

எல்லோரும் ரொனியின் இடுப்பைப் பார்த்தார்கள். அவன் சட்டையைக் கீழே இழுத்துவிட்டான்.

"அதுக்கும் இதுக்கும் என்ன? பெட்டிய வீட்டுல வச்சிக்கிட்டு சண்டைக்கு வாறீங்களா? இன்னிக்கு இதெல்லாம் கதைக்கிற நாளா?"

"இன்னிக்குத்தான்."

"முதலாளிட்ட கேக்காம ஏலாது அண்ணே. சேர்ட்ட கேளுங்க, அவருக்குச் சட்டம் தெரியும்."

ஸாலிஹ் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். "பூட்டி இருக்கிற காணி. நான் நோட்டீஸ் குடுத்து, நாளைக்கு ஆளோட வந்து..."

"நாளைக்கு இவன் குழிக்குள்ள மண்ணெண்ணெய் ஊத்தி எல்லாத்தையும் சாகடிச்சிருவான்" என்றார் வலன்ரைன்.

அவர் மதிலோரம் நடந்தார். மதில் முடிகிற இடத்திலிருந்து தகரவேலி தொடங்கியது. ஒரு தகடின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். ஆணி அசையவில்லை. கால் ஒன்றைக் கட்டையில் ஊன்றி மறுபடி இழுத்தார். அறுபத்தாறு வயது மனுஷன், கழுத்தில் கறுப்பு ரை கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்து இழுப்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "அப்பா!" என்று மகள் நிலூஷா கத்தினாள். தகரம் பெரிய சத்தத்தோடு பிய்ந்து வந்தது. வலது உள்ளங்கை கிழிந்து, வெள்ளைச் சட்டையின் கையில் இரத்தம் இறங்கியது. அதைப் பாராமல் அவர் உள்ளே போனார். ஸாலிஹ் பின்னால் போனார், பிறகு மற்றவர்களும்.

குழியில் நின்ற தண்ணீர் ஒரு சிறிய அறையளவு இருந்தது. ஸாலிஹ் குந்தி, அகப்பையை விட்டு எடுத்தார். வெள்ளைக் கிண்ணத்தில் கறுப்புப் புழுக்கள், துடித்துத் துடித்து, எண்ண முடியாத அளவுக்கு இருந்தன. அவர் அதை வலன்ரைனிடம் நீட்டினார். வலன்ரைன் வாங்கி ரொனியின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"என்ன இது?"

ரொனி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"என்னன்னு கேக்கிறன். படிச்சவன் தானே நீ. என்ன இது?"

"எனக்கு எப்பிடித் தெரியும்ணே..."

"நாலு தரம் வந்து சொன்னா. நாலு தரம். மீன வாங்கிக்கிட்டு வந்து உன்ட வாசல்ல நிண்டா. இவ்வளவு நாளும் அவட கையால திண்டுட்டு, இன்னிக்குக் காலைல கத்தியத் தூக்கிக்கிட்டு வந்து அவட செடிய வெட்டுற. அவ கிடக்கிறா, நீ வெட்டுற!"

அவருடைய குரல் முடிக்கப்படாத தூண்களுக்குள் மோதித் திரும்பி வந்தது. ஒழுங்கையில் யாரும் அந்தக் குரலைக் கேட்டதில்லை. அவருக்கே அது புதிது.

ஸாலிஹ் அறிக்கைப் பாரத்தை எடுத்து எழுதினார். முதலாளியின் பெயரை ரொனியிடம் கேட்டு எழுதிக்கொண்டார். கேஸ் போடுவது உறுதி என்றார்.

"எங்க வீட்டப் பத்தி என்ன எழுதினீங்க?" என்று கேட்டார் வலன்ரைன்.

"புழு கிடைச்சாத்தான் எழுதுறது. இல்லாட்டி அந்த இடம் சும்மா இருக்கும்."

"சும்மா விட வேணாம். ஒண்ணும் இல்லன்னு எழுதுங்க."

ஸாலிஹ் அவரைப் பார்த்தார். பிறகு பாரத்தின் ஓரத்தில் எழுதினார்.

"இப்ப வந்து அத வாசிங்க."

"எங்க? பெட்டிக்கு முன்னாலயா?"

"அங்கதானே அவவக் குறை சொன்னாங்க. அங்கயே வாசிங்க."

ஹோலில் செபமாலை நடந்துகொண்டிருந்தது. முடியும்வரை இருவரும் வாசலில் காத்து நின்றார்கள். கடைசி ஆமென் சொல்லி எல்லோரும் சிலுவை போட்டதும் ஸாலிஹ் தொண்டையைச் செருமினார். பாடசாலையில் வாசிக்க எழுப்பிய பிள்ளையைப்போல் பாரத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"இறந்தவரின் வீட்டிலும் தோட்டத்திலும் நுளம்புக் குடம்பிகள் எதுவும் காணப்படவில்லை. பின்புறக் காணியிலுள்ள கட்டடத்தின் லிஃப்ட் குழியில் பெருமளவில் காணப்பட்டன."

நேசம் மடியில் கிடந்த செபமாலையின் மணிகளை ஒன்றொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவளருகில் இருந்த காது மந்தமானவள், "என்ன சொல்றாரு?" என்று உரக்கக் கேட்டாள்.

"அவங்களுக்கும் சொல்லுங்க" என்றார் வலன்ரைன்.

நேசம் குனிந்து, காதுக்குள் சொன்னாள்.

அறைக்குள் நிலூஷா அவருடைய கையைக் கழுவி, பழைய தலையணை உறையைக் கிழித்துச் சுற்றினாள். அவளுக்கு அழுது முகம் வீங்கியிருந்தது. முடிச்சைப் போடும்போது, அவரைப் பாராமல் சொன்னாள்.

"அம்மா போன மாசம் பி.எச்.ஐ. ஒபீசுக்கு ஃபோன் பண்ணப் போனாங்க. ரொனிட வேல போயிரும், வேணாம்னு நீங்கதானே ஃபோன வாங்கி வச்சீங்க."

"ஓம்" என்றார் வலன்ரைன்.

அவள் முடிச்சை இறுக்கினாள். அவர் கையை இழுக்கவில்லை. வெளியே யாரோ தேநீர்க் கோப்பைகளை அடுக்கும் சத்தம் கேட்டது. அவள் வேறு சட்டை ஒன்றை அலுமாரியிலிருந்து எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள்.

நாலு மணிக்குப் பெட்டியை மூடினார்கள். தூக்க ஆறு பேர் வேண்டும். வழக்கம்போல் ரொனியும் வந்து, தலைமாட்டுப் பிடியில் கை வைத்தான். சட்டை மாற்றி, தலை சீவி வந்திருந்தான்.

"நீ வேணாம்" என்றார் வலன்ரைன். இந்தத் தடவை குரல் உயரவில்லை.

ரொனி கையை எடுத்தான். அந்த இடம் காலியாக இருந்தது. ஒருவரும் முன்வரவில்லை. யாரைப் பகைப்பது என்று தெரியாமல் ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நிலூஷா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பிடியைப் பிடித்தாள். பெண்பிள்ளை தூக்குவதா என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது. வலன்ரைன் முணுமுணுப்பு வந்த பக்கம் திரும்பினார். அது நின்றது.

மாதம்பிட்டி மயானத்தில் பாதர் செபம் சொல்லி முடித்துத் தண்ணீர் தெளித்தார். பெட்டியை இறக்கினார்கள். முதல் பிடி மண் போட வலன்ரைனைக் கூப்பிட்டார்கள். வலக்கையில் கட்டு இருந்ததால் இடக்கையால் குனிந்து அள்ளினார். களிமண், கட்டி கட்டியாக இருந்தது. உள்ளே ஒரு கல்லும் போத்தல் துண்டொன்றும் தட்டுப்பட்டன. அவர் அங்கேயே நின்று அவற்றைப் பொறுக்கி ஓரமாக வைத்தார். கட்டிகளை விரல்களுக்கிடையில் வைத்து நசுக்கினார். குழி வெட்டியவர்கள் மண்வெட்டியோடு காத்து நின்றார்கள். பின்னால் ஆட்கள் வரிசையாக நின்றார்கள்.

"அப்பா" என்றாள் நிலூஷா.

"கொஞ்சம் பொறு" என்றார் அவர். மண் தூளாகும்வரை உதிர்த்துக்கொண்டே இருந்தார்.