சாயத்தின் மேல் போட்ட பழி

முள்ளிப்பட்டு சாயப்பட்டறையில் காலை எட்டு மணிக்கே அண்டாக்கள் கொதித்தன. பட்டு நூல் கட்டுகளைக் கழியில் மாட்டி அரக்குச் சாயத்தில் முக்கிப் புரட்டிக்கொண்டிருந்த கோபிநாத், டீ வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினான். கூட வேலை செய்யும் பாலு அந்தக் கையைப் பிடித்துத் திருப்பினான்.

“இன்னாடா இது, உள்ளங்கையெல்லாம் புள்ளி புள்ளியா கீது?”

“சாயம் ஒத்துக்கலடா. அரிக்கல, வலிக்கல. தானா போயிடும்.”

“தேங்காண்ண தடவு,” என்று சொல்லிவிட்டு பாலு டீயைக் குடிக்கப் போனான்.

பாலுவைக் குறை சொல்ல முடியாது. சாயக்காரன் கையில் புள்ளி இருந்தால் எவன் சந்தேகப்படுவான்? ஆனால் கோபிநாத்துக்குச் சந்தேகப்படக் காரணம் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன் முதலாளியின் சேலைகளைப் பெங்களூரில் கொடுக்கப் போனவன், அங்கே லாட்ஜில் முன்பின் தெரியாத ஒருத்தியுடன் இருந்தான். ஊர் திரும்பிய சில வாரத்தில் சொல்லக் கூசும் இடத்தில் ஒரு புண். ஆரணி ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்றான். சீட்டு எழுதும் இடத்தில் அவன் தெருக்காரர் ஜெயவேல் உட்கார்ந்திருந்தார்.

“இன்னா கோபி, உடம்புக்கு இன்னா?” என்று அவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி விசாரித்தார்.

“தலைவலிங்க.”

தலைவலி மாத்திரையோடு வீட்டுக்கு வந்தான். புண்ணும் சில வாரத்தில் தானாக ஆறிவிட்டது. மானம் தப்பியது என்று நிம்மதியாகத் தூங்கினான். வெளியே ஆறியது உள்ளே ரத்தத்தில் குடியேறிவிட்டது என்பது அந்த அப்பாவிக்குத் தெரியவில்லை. அப்பாவி என்ன அப்பாவி, கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்!

அவன் மனைவி ரேணுகாதேவி கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்து உண்டாகியிருந்தாள். அவன் பெங்களூர் போவதற்கு முன்பே அவளுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகு ஒட்டியதை அவன் சொன்னால்தானே யாருக்கும் தெரியும்?

ஏழாம் மாதம் வளைகாப்பு. சந்தனம் பூசக் கையைப் பிடித்த நாத்தனார் காசியம்மாள் அப்படியே நிறுத்தினாள்.

“இன்னா ரேணுகா, உனுக்கும் கையில புள்ளி கீது?”

“தெரிலண்ணி. நான் மூணு மாசமா நூலையே தொடலியே,” என்ற ரேணுகா கணவனைப் பார்த்தாள். “இன்னாங்க இது?”

வளையல் தட்டோடு நின்ற கோபிநாத்துக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. அவன் புள்ளி சாயம் என்றால் இவள் புள்ளி என்ன?

“என் லுங்கிய தொவைக்கிறியே, அதுலேர்ந்து சாயம் ஒட்டிக்கினு இருக்கும்,” என்றான்.

பெண்கள் சிரித்தார்கள். சந்தனம் புள்ளிகளை மூடியது. நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகலாம் என்று அவன் நினைத்தான். நாளைக்கு முகூர்த்தச் சேலை நூல் அவசரம். அடுத்த நாள் அமாவாசை. பிறகு புள்ளிகள் மங்க ஆரம்பித்தன. அதையே சாக்காக வைத்துக்கொண்டான்.

எட்டாம் மாதக் கடைசியில் குழந்தை அசைவதை நிறுத்தியது. பெண் குழந்தை, இறந்தே பிறந்தது. இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா அவர்களைத் தனியாக உட்கார வைத்தார்.

“ரெண்டு பேருக்கும் சிபிலிஸ் இருக்கு. உறவு மூலமாப் பரவுற நோய். குழந்தை போனதுக்கும் அதான் காரணம். கையில புள்ளி வந்துச்சா?”

“வந்துச்சு டாக்டர். சாயம்னாரு.”

“அப்பவே வந்து ஊசி போட்டிருந்தா பெரும்பாலும் குழந்தையக் காப்பாத்தியிருக்கலாம். இங்க இலவசமாவே போடுறோம்மா.”

ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்ததும் ரேணுகா கேட்டாள்.

“எப்பலேர்ந்து தெரியும்?”

“வளைகாப்பு அன்னிக்கு.”

அதுவரை அவனை ‘நீங்க’ என்று மட்டுமே பேசியவள் சொன்னாள்: “உனுக்கு நோவு வந்துச்சு. அத கூட மன்னிச்சிருப்பேன். தெரிஞ்சிகினே வாய மூடிகினு இருந்தியே! ஒரு வார்த்த, ஒரு ஊசி. அவ்ளோதான் என் பொண்ணுக்கு வேண்டியிருந்துச்சு.”

அன்றே அம்மா வீட்டுக்கு பஸ் ஏறினாள். அவன் தடுக்கவில்லை. எந்த வாயால் தடுப்பான்?

பட்டறைக்குத் திரும்பியபோது பாலு அவன் தோளில் கை போட்டான்.

“சாயத்தாலதான் புள்ள போச்சாமே? உங்க அக்கா காசியம்மா சொல்லிச்சு.”

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவனால் முடியவில்லை.

“சாயம் இல்ல பாலு. எனுக்கு நோவு. ஆஸ்பத்திரில சொல்ல வெக்கப்பட்டுகினு அவளுக்கும் குடுத்துட்டேன். இந்த நோவு தானா போவாதுடா, போன மாதிரி காட்டும். யாருக்கு வந்தாலும் அன்னிக்கே போவணும். பொண்டாட்டியையும் கூட்டிகினு போவணும்.”

பாலு தோளிலிருந்து கையை எடுத்தான்.

மறுநாள் டீ வந்தது. எல்லாருக்கும் கண்ணாடி டம்ளர். கோபிநாத்துக்கு மட்டும் பேப்பர் கப். யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு டம்ளரால் ஒட்டுகிற நோய் இல்லை இது என்று யாரிடம் சொல்வது? அவன் வாங்கிக் குடித்தான்.

இத்தனை நாள் அவன் பயந்தது இதற்குத்தான். ஒரு பேப்பர் கப்புக்குப் பயந்து பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்திருந்தான்.