கொடி இறக்கிய கை

மயில்சாமி மறுபடியும் குனிந்து பார்த்தார். கண்ணாடித் தொட்டிக்குள் ஆர்க்கிட் கொடியின் மிளகளவு இலைகள் மஞ்சளித்துக் கிடந்தன. மருமகள் ஷாலினி சேலத்தில் பஸ் ஏறிவிட்டதாக இப்போதுதான் போன் செய்தாள். பரமத்தி வேலூர் வந்து சேர இரண்டு மணி நேரம், அவ்வளவுதான்.

பத்து நாளைக்கு முன் சேலத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு, அம்மா வீட்டுக்குக் கிளம்பியபோது அவள் யாரிடமும், உண்பது உடுப்பது வரை நல்லது சொல்லிக்கொண்டே இருந்த மாமியாரிடம்கூட, சண்டை போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை. மகனோ போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே கிடக்கிறான். அவள் தொட்டியை மட்டும் மாமனார் கையில் கொடுத்தாள். உள்ளே மரப்பட்டைத் துண்டில் நூலால் கட்டிய, ஊர்ந்து போகிற மழைக்காட்டுக் கொடி. மூன்று வருஷம் வளர்த்து இப்போதுதான் கடுகு மாதிரி ஒரு மொட்டு.

"தண்ணி மட்டும் தெளிங்க மாமா. இது விரியறப்ப வந்தர்றேனுங்க."

மனுஷன் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். மொட்டு விரிந்தால்தானே பெண் வருவாள்? வெற்றிலைக் கொடிக்காலில் முப்பது வருஷம் கொடி இறக்கிய கை அது. வளர்ந்த கொடியைச் சுருட்டி மண்ணில் புதைத்தால் புதுத் தளிர் பிய்த்துக்கொண்டு வரும். இங்கே வேர் அந்தரத்தில் தொங்குவதைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஆற்று வண்டலும் மட்கிய சாணியும் கலந்து கழுத்துவரை மூடிவிட்டார்.

"நான் அன்னைக்கே வேண்டாம்னு சொன்னனுங்க" என்றாள் மனைவி வசந்தாமணி. எங்கே சொன்னாள்! சாணி கொண்டுவந்து கொடுத்ததே அவள்தான்.

தீக்குச்சியால் மண்ணை விலக்கினார். தொட்ட இடமெல்லாம் வேர் கொழகொழவென்று கையோடு வந்தது. அடக் கடவுளே என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஷாலினி வாசற்படியில் பையை இறக்கியதும் இறக்காததுமாக அவரே எழுந்து போனார்.

"நாந்தாஞ் சாமி கெடுத்துப்போட்டேன். வெரசாப் பூத்தா நீ வெரசா வருவீன்னு மண்ணப் போட்டு மூடிப்போட்டேன்."

அவள் தொட்டியின் முன் உட்கார்ந்தாள்.

"இது காத்துல வேர் உடுற செடிங்க மாமா. நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா மூச்சு முட்டுமுங்க."

சொல்லும்போது அவள் தொட்டியைப் பார்க்கவில்லை, வசந்தாமணியைப் பார்த்தாள். காப்பி டம்ளரோடு வந்த வசந்தாமணி அங்கேயே நின்றுவிட்டாள்.

அழுகியதை வெட்டிப் போட்டபின் மிஞ்சியது இரண்டு இலை, ஒரு வேர். மொட்டைக் காணோம்.

"பொழைக்குமா சாமி?"

"தெரியலைங்க மாமா." நூலை எடுத்தாள். "இங்க புடிங்க. அழுத்தாதீங்க."

அவர் தொட்டும் தொடாமலும் பிடித்தார். நகக்கண்ணில் வண்டல் கறுத்திருந்தது. அவள் பை இன்னும் வாசற்படியிலேயே இருந்தது.