தாழ்ப்பாள் கேட்டவள்

தலைமையாசிரியையோடு உட்கார்ந்து பேச வகுப்புக்கு ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் அக்கா இரண்டு ஓட்டில் தோற்றாள். ஏழாம் வகுப்பில் தங்கை ஜெயித்தாள்.

"கூட்டத்துல என்னக்கா கேக்கட்டும்?" என்றாள் தங்கை.

"நீதான் பெரிய மனுஷியாச்சே. என்னை ஏன் கேக்கற?" என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தங்கை கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கேட்டாள். மறுவாரமே மாட்டிவிட்டார்கள். மூன்று வருஷமாகத் தோழியை வெளியே நிறுத்திக் கதவைப் பிடிக்கச் சொன்ன அக்கா, அன்று தனியாகப் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். நிம்மதியாக இருந்தது, வயிறும் எரிந்தது. நான் கேட்டிருக்க வேண்டியது என்று உள்ளேயே நின்று அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் தங்கையிடம், "மத்தியானம் லைப்ரரியப் பூட்டியே வெச்சிருக்காங்க. அதையும் கேளு," என்றாள். "நான் சொன்னேன்னு சொல்லு."