பூச்சுக்கு அடியில் மூன்று விரல்

அன்று மதியம், சக்கர நாற்காலிப் பாகங்களுக்குப் பூச்சடிக்கும் அடையாற்றுப் பட்டறையில் மூன்று பேர் இருந்தார்கள். முதலாளி ஷரீஃப் மேசைக்குப் பின்னால். பூச்சைச் சோதிக்கும் நீரஜா ஜன்னலோரம். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் கயல் வாசலருகே, பிளாஸ்டிக் நாற்காலியில். பூச்சைச் சுட்டு இறுக்கும் ஓவன் பக்கத்து முக்காலி காலி. பூச்சடித்த ஆனந்தகுமார் மார்கழியில் இறந்ததிலிருந்து அதில் யாரும் உட்காருவதில்லை.

கயலுடைய சக்கர நாற்காலியின் முன்சக்கரத்தைத் தாங்கும் கவட்டையான ஃபோர்க் மேசைமேல் இரண்டு துண்டாகக் கிடந்தது.

"கூடையோட கவுந்தேன். பஸ்ஸு தள்ளி வந்துச்சோ, பொழச்சேன். இன்னாக்கா இது, பெயிண்டுக்குள்ள புழு ஊர்ன மாதிரி கீது?"

நீரஜா கத்தியால் சுரண்டினாள். வெள்ளைப் பூச்சு செதில் செதிலாக வந்தது. அடியில் மெக்னீசிய உலோகக் கலவை உப்புப் பூத்து அரித்திருந்தது, அடுத்தடுத்து மூன்று கோடுகளாக. தன் மூன்று விரல்களை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். கோடுகள் இன்னும் தடிமன். யாருடைய விரல் என்று தெரிந்தது.

போன ஆயுத பூஜையன்று, அமிலத்தில் கழுவிக் காயவைத்த பன்னிரண்டு ஃபோர்க்குகளுக்கும் ஆனந்தகுமார் விபூதிப் பட்டை போட்டான். கழுவியதை வெறுங்கையால்கூடத் தொடக் கூடாது. "துடைச்சிட்டேன் மேடம்" என்று சிரித்தான். மறுபடி கழுவ அரை நாள் ஆகும். எல்லோரும் பொரிப் பொட்டலத்தோடு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நீரஜா சோதனைச் சீட்டில் கையெழுத்துப் போட்டாள். சாம்பலின் உப்பு பூச்சுக்கு அடியில் தங்கிவிட்டது. நீரஜா அதை இருவரிடமும் சொன்னாள்.

ஷரீஃப் தொண்டையைச் செருமினார். "அவன் செஞ்சதுன்னு சொல்லிடலாம் நீரஜாம்மா. வந்து மறுக்கவா போறான்?"

"அதான் வந்துட்டானே பாய், விரலோட" என்றாள் கயல்.

யாரும் முக்காலிப் பக்கம் திரும்பவில்லை.

"மீதி பதினொன்னு எங்க ஓடிக்கினு கீது?" என்று கயலே கேட்டாள்.

நீரஜா தி.நகரில் இருந்த நாற்காலிக் கம்பெனிக்குப் போன் செய்தாள். எழுத்தில் தராமல் எதையும் திரும்ப வாங்க முடியாது என்றார்கள்.

அவள் எழுதினாள்: 'பூச்சுக்கு முன் மறுபடி கழுவச் சொல்லாமல் கையெழுத்திட்டவள் நான். மீதமுள்ள பதினொரு ஃபோர்க்குகள் பூட்டிய எந்த நாற்காலியிலும் இன்றிலிருந்து யாரையும் உட்காரவிடாதீர்கள்.'

ஷரீஃப் இரண்டு முறை படித்தார். "பட்டறைய மூடிடுவாங்கம்மா."

"தெரியும் பாய்."

"பொரி வாங்கிக் குடுத்து, சீக்கிரம் கிளம்புங்கன்னவன் நான்தான். அதையும் எழுது."

எழுதினாள். அவரே இழுப்பறையிலிருந்து கம்பெனி முத்திரையை எடுத்துக் குத்தினார். நீரஜா உறையை ஒட்டி, பைக்கில் காத்திருந்த கூரியர்காரரிடம் கொடுத்தாள். வண்டி தி.நகர் பக்கம் திரும்பியது.