ஆறு விக்கெட்டும் கௌசிக்கின் ஜெர்சியும்

மைக் கிடைத்தால் சேனாபதிக்குச் சாப்பாடே வேண்டாம். பிளெய்ன்ஸ்பரோ ஞாயிறு கிரிக்கெட் லீக்கில் இந்த வருஷம் கோப்பை வென்ற அணியின் கேப்டன்; போதாததற்குச் சரித்திரப் பைத்தியம். லீக்கின் ஆண்டு விழாவில், மதியச் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடத்தை அவர் தலையில் கட்டினார்கள். ‘மறக்கப்பட்ட ஆஸ்திரேலிய ஆட்டக்காரர்கள்’ என்ற தலைப்பை அவரேதான் பிடித்தார். விலை கொடுத்து வினையை வாங்குவது என்பது இதுதான்.

1868இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்கு ஆடப்போன முதல் அணி பூர்வகுடிகளின் அணி. நாற்பத்தேழு ஆட்டம் ஆடினார்கள். ஒருவர் லண்டனிலேயே செத்தும் போனார். ஆனால் ஸ்கோர்கார்டில் அவர்களின் சொந்தப் பெயர்கள் இல்லை. மஸ்கிட்டோ, சன்டவுன் என்று வெள்ளைக்காரன் வைத்த பட்டப்பெயர்கள்தான்.

“அயோக்கியப் பசங்க! பேரைக்கூடவா கேக்க மாட்டாங்க?” என்று வீட்டு ஒத்திகையில் பொங்கினார் சேனாபதி.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி வான்மதி நிமிரவே இல்லை. “ஆகஸ்ட் ஃபைனல்ல ஆறு விக்கெட் எடுத்தது யாருங்க? ஸ்கோர்கார்டுல யார் பேர் இருக்குது?”

சேனாபதி பேச்சுத் தாளை மடித்து வைத்தார்.

ஃபைனல் அன்று அணியின் பந்துவீச்சாளர் கௌசிக்கின் ஃப்ளைட் டல்லஸில் மாட்டிக்கொண்டது. கையில் பத்துப் பேர்தான். லீக்கில் பதிவு செய்யாதவர் ஆடக்கூடாது. அணிக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தார் பக்கத்து ஊர் எடிசனில் ஓட்டல் சமையல்காரர் ஒருவர். எல்லாரும் ‘சாம்பார்’ என்று கூப்பிடுகிறவர். ஊரில் பந்து போட்டவராம். கௌசிக்கின் ஜெர்சியை மாட்டி அவரை இறக்கிவிட்டார் சேனாபதி. ஞாயிறு லீக்கில் நடக்காததா என்ன! மனிதர் ஆறு பேரைச் சாய்த்தார். கோப்பை அணிக்கு வந்தது, ஆட்டநாயகன் கேடயம் கௌசிக் வீட்டு ஷெல்ஃபுக்குப் போனது. “வெளிய மூச்சு விட்டுடாதீங்க” என்று அவரைக் கெஞ்சியதும் சேனாபதிதான்.

விழா மேடையில் பேச்சு பாதியில் இருக்கும்போது, ஹாலின் கடைசியில் அதே மனிதர் பிரியாணித் தட்டுகளை அடுக்குவது தெரிந்தது. சேனாபதிக்கு வெட்கமாக இருந்தது. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய திருட்டைக் கண்டுபிடித்து மைக்கில் கத்துகிறவன், மூன்று மாதத்துக்கு முன் தானே செய்ததை என்னவென்று சொல்வான்? சொன்னால் கோப்பை போய்விடும். பத்து வருஷத்தில் கிடைத்த ஒரே கோப்பை. முன்வரிசையில் அவருடைய அணி பல்லெல்லாம் தெரிய உட்கார்ந்திருந்தது.

“ஃபைனல்ல ஆறு விக்கெட் கௌசிக் எடுக்கலைங்க,” என்றார். “அவன் அன்னிக்கு ஊர்லயே இல்ல. அதோ, பின்னாடி நிக்கிறாரே, அவர் எடுத்தது. ஆள் மாத்தி இறக்கினது நான். கப்பைத் திருப்பிக் குடுத்துடறோம். அந்த ஆறு விக்கெட்டை மட்டும் அவர் பேர்ல எழுதுங்க. அவர் பேரு…”

வாயில் ‘சாம்பார்’தான் வந்து நின்றது. வேறெதுவும் வரவில்லை. முன்வரிசையைப் பார்த்தார். அங்கேயும் ஒருவருக்கும் தெரியவில்லை. ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்தார்.

“நாகரத்தினம் சார். ரெண்டு வருஷமா வெள்ளிக்கிழமையானா உங்க வீட்டுக்கு நான்தான் டிபன் கொண்டாந்து தரேன். ஒரு நாள் கேட்டிருக்கலாமே.”