மூணு மணியைத் தாண்டும் வரை

ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியைத் தூக்கத் தனகோடி குனிந்தபோது, கெங்கம்மாள் அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தினாள்.

"என் கம்பெனி லைன்காரங்க இன்னும் வரல. மூஞ்சி பாக்காம எப்படி எடுப்பீங்க?"

"அண்ணி, மணி ரெண்டாவுது. மூணுக்கு ராகு காலம். அதுக்குள்ள எடுத்தாவணும். குளிப்பாட்டணும், வாய்க்கரிசி போடணும், எவ்ளோ வேலை கீது."

"வேலை இருந்தா இருக்கட்டும். பெட்டிய தொடாதீங்க."

கொழுந்தன் நிமிர்ந்து பார்த்தான். இருபத்தைந்து வருஷமாக அவன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு இருந்த அண்ணி, தாலி அறுக்கப் போகிற நாளில் போய் எதிர்த்துப் பேசுகிறாளே என்று அவன் முகம் கேட்டது. சாவு வீட்டில் பொம்பளையிடம் சண்டை போட முடியாது. பந்தலில் உட்கார்ந்திருந்த பங்காளிகளிடம் போய் முணுமுணுத்தான்.

பெட்டிக்குள் பஞ்சாட்சரம் கிடந்தார். தோல் கம்பெனியில் ராத்திரி ஷிப்டு முடித்து வந்து, டீ குடித்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர். ஆட்டோ ஆம்பூர் ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இப்போது மூக்கில் பஞ்சு, நெற்றியில் ஒரு ரூபாய் காசு. அவரைப் பார்க்கப் பார்க்க கெங்கம்மாளுக்கு அழுகைக்குப் பதில் கோபம்தான் வந்தது. செத்துப்போக வேறு நாளே கிடைக்கவில்லையா இந்த மனுஷனுக்கு?

அன்றைக்குத்தான் மகள் யோகலட்சுமிக்கு நேர்காணல். வாணியம்பாடியில் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முதல் வருஷம் படிக்கிறாள். கோடை லீவில் இரண்டு மாதம் பெங்களூரில் ஒரு பெரிய ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பழக, நாடு முழுவதிலிருந்தும் கொஞ்சம் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கிறார்கள். தங்க இடம், சாப்பாடு, கைச்செலவு எல்லாம் அவர்களுடையது. அங்கே திறமையைக் காட்டிவிட்டால் பிஎச்.டி.க்கும் அதே இடத்தில் கதவு திறக்கும் என்று கல்லூரி மேடம் சொல்லியிருந்தார். கடைசிச் சுற்று வீடியோவில். செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டரைக்கு. எக்காரணம் கொண்டும் தேதி மாறாது என்று அழைப்பிலேயே கண்டிஷனாகப் போட்டிருந்தார்கள்.

முந்தின நாள்தான் பஞ்சாட்சரம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். செவ்வாய்க்கிழமை மதிய ஷிப்டுக்கு மாற்றியிருக்கிறார்களாம், அதில் அரை நாள் லீவு போடப் போகிறாராம். வாசலில் நாற்காலி போட்டு உட்காருவாராம். பாப்பா பேசி முடிக்கிற வரைக்கும் தெருவில் ஒருத்தன் ஹாரன் அடிக்கக் கூடாதாம், ஒரு வீட்டில் மிக்சி ஓடக் கூடாதாம். இப்போது அவருக்காகவே வாசலில் மூன்று மேளக்காரர்கள் நெருப்பில் மேளம் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

காலையில் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த யோகலட்சுமி, "அம்மா, நான் பேசல. போன ஆஃப் பண்ணிடறேன்" என்றாள். கண் வீங்கிக் கிடந்தது.

கெங்கம்மாள் யோசிக்கக்கூட இல்லை. "எழுந்து மூஞ்சி கழுவு. நசீமாக்கா வீட்டுக்குப் போய் உக்காரு. உங்கப்பன நான் பாத்துக்கறேன்" என்றாள்.

பக்கத்து வீட்டு நசீமுன்னிசா பின்பக்க அறையைக் காலி செய்து, ஜன்னலில் தலையணையை வைத்து அடைத்து, பிள்ளையை உள்ளே உட்கார வைத்திருந்தாள்.

ஷூ கம்பெனி பஸ் வந்து நின்றது. கெங்கம்மாளோடு ஷூவின் மேல்பாகத் தோலைத் தைக்கிற பெண்கள், கழுத்தில் அடையாள அட்டையோடு அப்படியே இறங்கினார்கள். லைன் சூப்பர்வைசர் பாரதி முதல் ஆளாக ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுதாள். அவள் காதில் கெங்கம்மாள் சொன்னாள்:

"பாரதி, மூணு மணி வரைக்கும் இவர எடுக்க விடக் கூடாது. பாப்பா நசீமாக்கா வூட்ல இன்டர்வியூல கீது. மூணு தாண்டிட்டா ராகு காலம். அப்புறம் நாலரை வரைக்கும் எங்க கொழுந்தனே பெட்டிய தொடமாட்டாரு."

பாரதியின் அழுகை ஒரு நொடி நின்று, மறுபடி தொடங்கியது. டார்கெட்டை ஏற்றும்போதெல்லாம் மேனேஜர் கண்ணுக்குத் தெரியாமல் லைனை எப்படி மெதுவாக்குவது என்பது அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருத்தி நூல் அறுந்ததென்று நிறுத்துவாள், அவள் முடிக்கும்போது அடுத்தவளுக்கு ஊசி முறியும். பஸ் பக்கம் போய் நாலு வார்த்தை பேசினாள்.

அதன் பிறகு அந்தப் பெண்கள் கும்பலாக வரவில்லை, ஒருத்தி ஒருத்தியாக வந்தார்கள். மாலை போட்டு, பெட்டியைச் சுற்றி, முகம் பார்த்து, கெங்கம்மாளைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதார்கள். ஒருத்தி எழுந்து மூக்கைச் சிந்திய பிறகுதான் அடுத்தவள் செருப்பையே கழற்றினாள். கடைசியாக முகம் பார்க்க வந்தவளை எந்தப் பங்காளியும் தடுக்க முடியாது. தனகோடி செல்போனில் மணி பார்த்தான், வாட்சில் பார்த்தான், ரெண்டும் ஒரே மணிதான் காட்டியது.

"சரி போதும், தூக்கலாம்" என்றான். "பொண்ணு எங்க? வாய்க்கரிசி போடணும், கூப்பிடுங்க."

யாரோ ஒரு கிழவி பக்கத்து வீட்டைக் கைகாட்டினாள். தனகோடி அங்கே போனான். நசீமுன்னிசா வாசற்படியில் குறுக்கே நின்றாள்.

"வூட்ல ஆம்பளைங்க இல்ல தம்பி. நீ உள்ள வர்றது நல்லா இருக்காது."

"எங்கண்ணன் பொண்ணு உள்ள இன்னா பண்ணுது?"

"செல்போன்ல பரீட்ச எழுதுது. முடிஞ்சா தானா வரும். இங்க நின்னு பேஜார் பண்ணாத."

திரும்பி வந்தவன் பந்தல் நடுவில் நின்று கத்தினான். "நல்லா கீதுய்யா நியாயம்! பெத்த அப்பன் பொணமா கெடக்கறான், பொண்ணு செல்போன்ல பேசிக்கினு கீது. மேனேஜர் கையில கால்ல விழுந்து அண்ணன் வேலைய அதுக்கு கேட்டுட்டு வந்திருக்கேன். பதினாறாம் நாள் முடிஞ்சதும் கம்பெனி லேப்புல சேர்ந்துடலாம். இதுக்கு மேல இன்னா படிப்பு வேண்டிக் கெடக்குது? மேளத்த அடிங்கடா! பெட்டிய தெறங்க!"

மேளம் இடித்தது. நாலு பேர் எழுந்து வந்தார்கள். பாரதி அடுத்த வீட்டுப் பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "இன்னும் கூப்பிடல, முன்னாடி ஒரு பையன் பேசிக்கினு கீறான்" என்று காதில் சொன்னாள். மணி மூன்றாக இன்னும் இருபது நிமிஷம். முகம் பார்க்கப் பெண்கள் யாரும் மிச்சமில்லை.

கெங்கம்மாளுக்கு ஒப்பாரி வராது. மாமியார் செத்தபோதுகூட வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் என்று இன்றைக்கும் ஊர் குறை சொல்லும். அவள் கண்ணாடி மூடியின் மேல் குப்புற விழுந்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு குரலெடுத்தாள்.

"அரை நாளு லீவு போட்டு
வாசக் காப்பேன்னு சொன்னீயே,
முழு நாளு லீவு போட்டு
மூங்கிலேறப் போறீயே!"

தூக்க வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். பெண்டாட்டி புருஷன் மேல் விழுந்து பாடும்போது ஆண்கள் கிட்டே வரக் கூடாது. பெண்கள்தான் பிடித்து விலக்க வேண்டும். ஷூ கம்பெனிப் பெண்கள் விலக்குவதற்குப் பதிலாகச் சுற்றி உட்கார்ந்து தோளில் கைபோட்டு, ஒவ்வொரு அடிக்கும் ஓவென்று குரல் கொடுத்தார்கள்.

"பொண்ணு படிச்ச படிப்புக்கு
பூட்டு ஒண்ணு வாங்கினாரு,
பூட்டு வாங்கி வந்த தம்பி
பொறுக்காம நிக்குறாரே!"

பந்தலில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். தனகோடியின் முகம் கறுத்தது. ஒப்பாரியில் யாரை வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், பதில் பேசுகிறவனைத்தான் ஊர் காறித் துப்பும். கெங்கம்மாள் விடவில்லை. கொழுந்தன் மகன் இரண்டு தரம் பி.ஏ. பெயிலானதைப் பாடினாள். இந்தப் பிள்ளை பத்தாவது பாஸ் செய்தபோதே மாப்பிள்ளை கொண்டுவந்ததைப் பாடினாள். இருபத்தைந்து வருஷம் சொல்லாமல் வைத்திருந்தது கைவசம் நிறைய இருந்தது.

இடையில் பாரதி முதுகில் தட்டினாள். "ஆரம்பிச்சுட்டாங்க."

கொஞ்ச நேரத்தில் பங்காளிகளில் மூத்தவர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டார். "வுடு தனகோடி. மூணு தாண்டிடுச்சு. இனிமே நாலரைக்கு மேலதான்."

மேளம் நின்றது. ஆண்கள் பீடி பற்ற வைக்க ஓரமாகப் போனார்கள். வேலை முடிந்தது, இனி நிறுத்தலாம் என்று கெங்கம்மாள் தலையைத் தூக்கினாள். தொண்டை நிற்கவில்லை.

"ராத்திரி ஷிப்டு முடிஞ்சு வந்தா
ரசம் காச்சி வெப்பேனே,
நாளைக்கு வர ஷிப்டுக்கு
நான் யாருக்குக் காச்சுவேன்..."

இதை யாருக்காகவும் பாடவில்லை. தோல் நாற்றம் போகத் தேய்த்துக் குளித்த பிறகுதான் மகள் புத்தகத்தையே தொடுவார் அந்த மனுஷன். தொட்டுப் பக்கத்தைப் புரட்டி, ஒன்றும் புரியாமல், படம் நல்லா இருக்குதும்மா என்று திருப்பிக் கொடுப்பார். இந்தக் கோபத்தையெல்லாம் இனி யார் மேல் காட்டுவது? தலையைக் கண்ணாடியில் முட்டிக்கொண்டு அழுதாள். பாரதி இப்போது உண்மையாகவே அவளைப் பிடித்து விலக்கப் பார்த்தாள், முடியவில்லை.

நேர்காணல் முடிந்து யோகலட்சுமி வந்தாள். தலை வாரி, நல்ல சுடிதார் போட்டிருந்தாள். நேராக வந்து அம்மாவுக்கும் பெட்டிக்கும் நடுவில் உட்கார்ந்தாள். நாலரைக்கு மேல் பஞ்சாட்சரத்தைக் குளிப்பாட்டினார்கள். யோகலட்சுமி வாய்க்கரிசி போட்டாள். தனகோடி நெருப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். தெருமுனையில் மேளம் திரும்பி, ரயில்வே கேட் பக்கம் போய்த் தேய்ந்தது.

பெண்கள் வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள். பின்பக்கக் குழாயடியில் கெங்கம்மாள் மகளை உட்கார வைத்தாள். அவளுக்குக் குரல் சுத்தமாகப் போயிருந்தது, காற்றுதான் வந்தது.

"இன்னா கேட்டாங்க?"

"நெறைய கேட்டாங்க. ஆம்பூரா, அப்ப தோல் சம்பந்தமாத்தான் ஆராய்ச்சி பண்ணுவியான்னு ஒரு சார் கேட்டாரு. இல்ல சார், வெளிச்சம் பட்டா நிறம் மாறுற பொருளுங்க மேலதான் எனக்கு ஆசைன்னேன்."

"கோச்சுக்கினாரா?"

"சிரிச்சாரு. அப்புறம் அதுலயே கேள்வி கேட்டாங்க. சொன்னேன்."

கெங்கம்மாள் மகளின் பின்னலை அவிழ்த்துவிட்டாள்.

"நடுவுல ஒரு மேடம், இன்னாம்மா அங்க மேளச் சத்தம், ஏதாவது விசேஷமான்னு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

யோகலட்சுமி முழங்காலைக் கட்டிக்கொண்டு ஈரத் தரையைப் பார்த்தாள்.

"பக்கத்து வீட்டுல ஒருத்தர் செத்துட்டாருன்னு சொன்னேன்."

கெங்கம்மாள் குடத்தைத் தூக்கி மகளின் தலையில் சாய்த்தாள். பிறகு அதைக் குழாய்க்குக் கீழே வைத்துத் திருகினாள். தண்ணீர் மெதுவாகத்தான் வந்தது. குடம் நிறையும் வரை மகளின் உச்சந்தலையில் கையை வைத்தபடியே நின்றிருந்தாள்.